மூன்றாம் வகுப்பின் மந்திரி

பதவியை அடைவதற்கு வழிகள் பல உண்டு. பதவியிலிருந்து இறங்குவதற்கு உரிய வழியை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் தலைசிறந்தவராகிய ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியை நினைக்கும்போதெல்லாம், தமிழ்நாட்டிலுள்ள ஒரு சிற்றாறும் அதன் மேலிருந்த ஒரு பாலமும் நமக்குக் கூடவே நினைவுக்கு வருகின்றன. பெரம்பலூர்ச் சீமையின் பச்சைமலையில் பிறந்து, அரியலூர் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறே அது. வருஷத்தில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் அந்த ஆறு, 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் நமது தேச சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது.

சாஸ்திரியைப் பற்றி நம் பிள்ளைகள் பாடப் புத்தகங்களில் படிக்கிறார்கள். யுத்த காலத்துப் பிரதம மந்திரி என்றும், எளிமையானவர் என்றும், தாஷ்கண்டில் காலமானவர் என்றும் தெரிந்து கொள்கிறார்கள். அவை யாவும் உண்மையே. ஆயினும், காலால் நடப்பவனுக்காகவும் கூட்டத்தோடு கூட்டமாக வண்டி ஏறுபவனுக்காகவும் சிந்தித்த ஒரு மந்திரி என்ற முறையில் அவரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அரியலூரையும் பெரம்பலூரையும் சேர்ந்த ஜனங்களுக்கோ அந்த நினைவு இன்று மிகவும் அவசியமானது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

லால் பகதூர் பிறந்ததே ஒரு ரயில்வே ஊரில். காசிக்கு அருகே, இன்று வேறு பெயர் பூண்டிருக்கும் மொகல்சராய் ஜங்ஷனில், 1904-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தாய்வழிப் பாட்டனார் வீட்டில் அவர் பிறந்தார். பாட்டனார் ஹஸாரிலால் அவ்வூர் ரயில்வேப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தந்தை சாரதா பிரசாத் முதலில் பள்ளி ஆசிரியர்; பின்னர் அலகாபாத்தில் ரெவினியூ இலாகாவில் குமாஸ்தா. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தை காலமானார். தாயார் ராம்துலாரி தேவி பிறந்தகத்துக்குத் திரும்பி வந்தார். இரண்டொரு வருஷங்களில் பாட்டனாரும் மறைந்துவிடவே, உறவினர்களின் ஆதரவில் வளரவேண்டிய நிலை சிறுவனுக்கு ஏற்பட்டது.

செருப்பில்லாத காலோடு சுடுமணலில் பள்ளிக்கு நடந்தார் என்றும், ஓடக்கூலிக்குக் காசில்லாத நாட்களில் கங்கையை நீந்திக் கடந்தார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். இத்தகைய கதைகள் பெரியோர் வாழ்க்கையில் காலப்போக்கில் சற்றே வளர்வது இயற்கை. ஆனால் வறுமை மெய். நடந்தது மெய். ஒரு தெரு எவ்வளவு நீளம் என்பதை மோட்டாரில் போகிறவன் மைல் கல்லைப் பார்த்து அறிகிறான். நடக்கிறவன் தன் உள்ளங்காலால் அறிகிறான். லால் பகதூர் பின்னாளில் போக்குவரத்து இலாகாவை ஏற்றபோது, அவருக்கு இருந்த அறிவு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஜாதியைக் குறிக்கும் குலப் பெயரைப் பள்ளிப் பருவத்திலேயே அவர் உதறிவிட்டார். 1921-ம் வருஷத்தில் காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைத்தபோது, பரீட்சை நெருங்கியிருந்தும் காசி ஹரிச்சந்திரப் பள்ளியை விட்டு வெளியேறினார். தேசியக் கல்விக்காக நிறுவப்பட்ட காசி வித்யாபீடத்தில் சேர்ந்து 1925-ல் தேர்ச்சி பெற்றார். அங்கே அளிக்கப்பட்ட பட்டமே சாஸ்திரி என்பது. அது ஜாதிப் பெயரன்று, படித்துப் பெற்ற பட்டம் என்பதை நம்மவரில் பலர் இன்னும் அறியார். பின்னர் லாலா லஜபதிராய் ஸ்தாபித்த மக்கள் ஊழியர் சங்கத்தில் ஆயுள் அங்கத்தினராகச் சேர்ந்து ஹரிஜன சேவையில் ஈடுபட்டார். 1928-ல் லலிதா தேவியை மணந்தபோது, அவர் பெற்ற சீர் ஒரு ராட்டையும் சில கஜம் கதரும் மாத்திரமே. அதன்பின் சிறையும் வீடுமாகப் பல வருஷங்கள் கழிந்தன.

சுதந்திரம் வந்த 1947-ல் ஐக்கிய மாகாணத்தில் பண்டித கோவிந்த வல்லப பந்தின் மந்திரி சபையில் போலீஸ், போக்குவரத்து ஆகிய இரண்டு இலாகாக்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. தெருவோடும் கூட்டத்தோடும் மிக நெருங்கிய தொடர்புள்ளவை இவ்விரண்டும். கூட்டத்தைக் கலைக்கத் தடியை ஓங்குவதற்குப் பதிலாகத் தண்ணீரைப் பீய்ச்சும்படி போலீஸாருக்கு உத்தரவிட்டவர் அவர். சர்க்கார் பஸ்களில் பெண்களைக் கண்டக்டர்களாக முதன்முதல் நியமித்தவரும் அவரே. இரண்டும் சிறிய காரியங்கள்போல் தோன்றலாம். ஆனால் தெருவில் நிற்கும் மனிதனைப் பகைவனாக நினையாமல் பிரஜையாக நினைப்பதும், பஸ் என்பது ஆண்களுக்கு மாத்திரம் உரியதன்று என்று காட்டுவதும், அந்தக் காலத்தில் சாமான்யமான எண்ணங்கள் அல்ல.

1952-ம் வருஷம் மே மாதத்தில் பண்டித நேருவின் மந்திரி சபையில் ரயில்வே, போக்குவரத்து மந்திரியானார் சாஸ்திரி. மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவதி அப்போது புதிய செய்தியன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் மூன்றாம் வகுப்பிலேயே தேசமெங்கும் பிரயாணம் செய்து, அந்த அவதியை 1917-ல் விரிவாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தார். பிரயாணிகளால் ரயில்வேக்குக் கிடைக்கும் வருமானத்தில் பெரும்பகுதியைத் தருபவர்கள் அந்த ஏழைகள். ரயில்வேயின் கவனத்தில் மிகச் சிறு பகுதியைப் பெறுபவர்களும் அவர்களே. இந்த முரண்பாட்டை மாற்றுவதற்குத் தம் பதவியைப் பயன்படுத்தலாம் என்று சாஸ்திரி கருதினார்.

மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் மின்விசிறி சுழலத் தொடங்கியது அவர் காலத்தில்தான். 1955-ல் பழைய முதல் வகுப்பு எடுக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பு என்றும், இடைவகுப்பு இரண்டாம் வகுப்பு என்றும் பெயர் மாறின. படிகளின் உச்சி சற்றே தாழ்ந்தது. மூன்றாம் வகுப்பு என்ற பெயரே மறைய 1974 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது என்றாலும், திசை அப்போதே திரும்பிவிட்டது. சாஸ்திரி ஒருமுறை பம்பாய்க்குப் போகும்போது அவருடைய பெட்டியில் குளிர்ச்சி தரும் சாதனம் ஒன்று பொருத்தப்பட்டிருந்ததாகவும், மற்றப் பிரயாணிகளுக்கு இல்லாத வசதி தமக்கும் வேண்டாம் என்று மதுரா ஸ்டேஷனில் அதைக் கழற்றச் செய்ததாகவும் அவரை அறிந்தவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு அவர் காலத்தில் கிடைத்த பெரும்பேறு சென்னைப் பெரம்பூரில் எழுந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1955-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பண்டித நேரு அதைத் திறந்து வைத்தார். அது காந்தி ஜயந்தி. ரயில்வே மந்திரியின் பிறந்த நாளும் அதுவே. சுவிட்ஸர்லாந்து தேசத்துக் கம்பெனி ஒன்றின் உதவியோடு, முழுவதும் எஃகால் பற்றவைக்கப்பட்ட பெட்டிகள் அங்கே செய்யப்பட்டன. மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டி மற்றொன்றினுள் பாய்ந்து பிரயாணிகளை நசுக்காதபடி அமைக்கப்பட்டவை அவை. உயிரைக் காப்பது என்பது டிரைவரின் ஜாக்கிரதையை மாத்திரம் பொறுத்ததன்று, பொருளின் அமைப்பையே பொறுத்தது என்ற தத்துவம் இதில் அடங்கியிருக்கிறது. மனிதன் தவறு செய்வான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தவறு நேர்ந்தபோதும் உயிர் போகாதபடி அமைப்பதே நல்ல அமைப்பு.

ஆனால் பெட்டி உறுதியாக இருந்தால் போதுமா? அதைத் தாங்கும் பாலமும் கரையும் உறுதியாக இருக்க வேண்டுமே! 1956-ம் வருஷம் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், மெஹபூப்நகருக்கு அருகே மழையால் நலிந்த பாலம் ஒன்று ரயிலின் கீழ் இடிந்து விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார். நேருஜி அதை ஏற்க மறுத்துவிட்டார். மந்திரியும் பதவியில் நீடித்தார். மூன்று மாதம் நிறையவில்லை. முதற் பாலத்தின் பாடம் மற்றப் பாலங்களை எட்டுவதற்குள், மழை எட்டிவிட்டது.

நவம்பர் 22-ந் தேதி இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. ஊருக்குத் திரும்புகிறவர்கள், வியாபாரிகள், குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் எனப் பெட்டிகள் நிரம்பியிருந்தன. மழை விடாது பெய்திருந்தது. பச்சைமலையிலும் அதன் அடிவாரத்திலும் விழுந்த நீரெல்லாம் மருதையாற்றில் பெருகி வந்து, பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டது. இருட்டில், தண்டவாளத்தின் கீழே மண் இல்லை என்பதை எவரும் அறியவில்லை. 23-ந் தேதி விடிவதற்குள் அரியலூரைத் தாண்டிய வண்டி பாலத்தை அடைந்தது. எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. மாண்டவர் தொகை 140-க்கும் அதிகம். உறங்கிக் கொண்டிருந்தவர்கள் விழிக்கவேயில்லை. அருகிலிருந்த கிராமத்தவர்களே முதலில் ஓடி வந்து கை கொடுத்தார்கள்.

சாஸ்திரி இம்முறை தம் தலைவரின் மறுப்புக்கு இடம் வைக்கவில்லை. பாலத்தை அவர் கட்டவில்லை. மழையை அவர் பெய்விக்கவில்லை. கரையைக் காவல் காப்பது அவர் வேலையுமன்று. இவை அனைத்தையும் எடுத்துச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. பார்லிமெண்ட் அங்கத்தினர் பலர் அவர் விலகக் கூடாது என்று பிரதம மந்திரிக்கு விண்ணப்பமும் செய்தார்கள். நேருஜி ராஜிநாமாவை ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணர் என்பதற்காக அன்று, ஜனநாயக ஆட்சியில் ஒரு நல்வழக்கம் நிலைபெற வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக அவர் விளக்கினார். டிசம்பர் 7-ந் தேதி ஸ்ரீ ஜகஜீவன்ராமிடம் இலாகா சென்றது.

அந்த ராஜிநாமாவால் என்ன பயன் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. மந்திரி விலகியதால் இடிந்த கரை தானே எழுந்துவிடவில்லை; மாண்டவர் ஒருவரும் மீளவில்லை. திறமையும் நேர்மையும் உள்ள ஒருவரை ரயில்வே இழந்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு தேசத்தில் பொது ஜனங்களின் உயிருக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு விடை இல்லாமற் போனால், எந்தப் பாலமும் உரிய காலத்தில் சோதிக்கப்படாது. மேலே உள்ளவன் பதில் சொல்வான் என்று தெரிந்தால்தான் கீழே உள்ளவன் கரையைப் போய்ப் பார்ப்பான். இதுவே அந்த ராஜிநாமாவின் பயன்.

அதற்குப் பிறகு நேர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1957-ல் அலகாபாத்திலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் மந்திரியானார். 1961-ல் உள்நாட்டு மந்திரியானார். ஊழலை ஆராய ஸ்ரீ கே. சந்தானத்தின் தலைமையில் அவர் நியமித்த கமிட்டியை நம் வாசகர்கள் அறிவார்கள். 1963-ல் காமராஜ் திட்டத்தின்படி மறுபடியும் பதவியைத் துறந்தார். நேருஜி மறைந்தபின், காமராஜர் காங்கிரஸ் தலைவராயிருந்து எல்லாரையும் கலந்தறிய, 1964-ம் வருஷம் ஜூன் 9-ந் தேதி பிரதம மந்திரியானார்.

தமிழர்களாகிய நாம் மறக்க முடியாத ஒரு கசப்பும் அவர் ஆட்சியில் உண்டு. 1965-ன் தொடக்கத்தில் மொழிப் பிரச்னையில் தமிழ்நாடு கொந்தளித்தபோது, டில்லி விழித்துக்கொள்ளத் தாமதித்தது. உயிர்கள் போயின. ஸ்ரீ சி. சுப்பிரமணியமும், அரியலூர் விபத்தின்போது ரயில்வே உபமந்திரியாயிருந்த ஸ்ரீ ஓ. வி. அழகேசனும் ராஜிநாமாக் கொடுத்தார்கள். அதன் பின்னரே சாஸ்திரி வானொலியில் பேசி, நேருஜி அளித்த வாக்குறுதிகளை உறுதிப்படுத்தினார். பெரியோரின் பிழையை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. எனவே இதையும் குறிக்கிறோம்.

அவ்வருஷமே யுத்தம் வந்தது. உணவுப் பஞ்சமும் மிரட்டியது. படைவீரனையும் உழவனையும் ஒரே வாழ்த்தில் இணைத்து தேசத்துக்கு உற்சாகமூட்டினார் அவர். 1966-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி தாஷ்கண்டில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அன்றிரவே, 11-ந் தேதி பிறந்த சிறிது நேரத்தில் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்து யாது? பிரதம மந்திரியான பிறகு 12,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பியட் கார். அதற்காகப் பாங்கியில் பெற்ற 5,000 ரூபாய்க் கடன். அக்கடனை அவருடைய மனைவியார் பென்ஷன் பணத்திலிருந்து அடைத்தார். தேசத்தின் ரயில்களையும் சாலைகளையும் ஆண்டவர், சொந்தக் கார் இல்லாமலே ஆண்டவர்.

இனி, அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் வருவோம். அரியலூர் ஜில்லா இரண்டாம் முறையாகத் தோன்றிய நாள் 2007-ம் வருஷம் நவம்பர் 23. விபத்து நேர்ந்து சரியாக 51 வருஷம் கழித்து, அதே தேதி. இது தற்செயலாயிருக்கலாம், ஆயினும் அந்த ஜில்லாவின் பிறந்தநாள் பொறுப்பை நினைவூட்டும் நாளாகவும் அமைந்திருக்கிறது. பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல்லைக் கொண்ட சீமை அது. சிமெண்டு ஆலைகள் எழுந்து தொழில் பெருகியது. கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலைகளின் ஓரத்திலேயே பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். பெரம்பலூரின் கதை வேறு. அந்நகருக்கு இன்றளவும் ரயில் இல்லை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைவிக்கும் அந்த ஜில்லாவின் குடியானவன் எங்கே போக வேண்டுமானாலும் பஸ்ஸையே நம்ப வேண்டும். பஸ்ஸுக்கு நடந்துதான் வரவேண்டும். சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் பெருஞ்சாலையை அடுத்த கிராமங்களில், ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் வயலும் இருப்பவர்கள் தினந்தோறும் அந்த வேக வெள்ளத்தைக் கால்நடையாகக் கடக்க வேண்டும்.

1956-ல் வெள்ளம் ஒரே இரவில் 140 உயிரைக் கொண்டு போயிற்று, தேசம் திடுக்கிட்டது. 2022-ம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்பது மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கு. அரியலூரில் அன்று மாண்ட தொகையினர், இக்கணக்கின்படி ஏறக்குறைய ஏழரை மணி நேரத்துக்கு ஒருமுறை நம் சாலைகளில் மாள்கிறார்கள். அவ்வருஷத்தில் மாண்டவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். வண்டியோட்டிய பிழைகூட அவர்கள்மீது இல்லை. ஆனால் திடுக்கிடுவோர் யார்? ஒவ்வொருவராக, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மணியில் மாண்டால் அது விபத்தாகத் தோன்றுவதில்லை, விதியாகத் தோன்றுகிறது.

ரயிலுக்கும் சாலைக்கும் உள்ள வேற்றுமையை இங்கே கவனிக்க வேண்டும். ரயிலில் பெரு விபத்து நேர்ந்தால், ரயில்வே போர்டுக்குக் கட்டுப்படாத பாதுகாப்புக் கமிஷனர் வந்து விசாரிக்கிறார். 1941-லேயே அந்த உத்தியோகஸ்தர்கள் போர்டின் கையிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டார்கள். எந்த ஆணி கழன்றது, எந்தக் கரை கரைந்தது என்று அவர் எழுத வேண்டும். சாலையில் ஒருவன் மாண்டாலோ, பொதுவாக டிரைவர்மீது வழக்குப் பதிவதோடு காரியம் முடிகிறது. அந்த இடத்தில் நடைபாதை ஏன் இல்லை, கடக்கும் இடம் எங்கே, பஸ் நிற்கும் இடம் ஏன் வளைவில் இருக்கிறது, விளக்கு ஏன் எரியவில்லை என்று தெருவை விசாரிப்பவர் இல்லை. டிரைவர் குற்றவாளியாக இருக்கலாம். தெருவும் குற்றவாளியாக இருக்கலாம் அல்லவா?

தெருவை எப்படி அமைப்பது என்பது அறியப்படாத வித்தை அன்று. 1934-ல் தோன்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்றும், அதன் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்றும் விதித்திருக்கிறது. முதியவரும் கர்ப்பிணியும் ஏறி இறங்கக்கூடிய உயரம் அது. நடைபாதையைப் பெறுவது வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025-ல் கூறிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பஸ்ஸுக்குள் கட்டணத்தை நீக்கிய நாம், பஸ் வரும்வரையில் அவள் நிற்கும் இடத்தில் நிழலையும், அங்கே நடந்து வரும் வழியில் பத்திரத்தையும் கொடுத்தாலன்றி அந்த உதவி முழுமை பெறாது.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. இவ்விரு ஜில்லாக்களிலும் பஸ் நிற்கும் ஒவ்வோரிடத்துக்கும் ஒரு கூரை, ஒரு விளக்கு, கடக்க ஒரு குறியிட்ட வழி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள தெருக்களில், கடைச் சாமானும் மோட்டார் சைக்கிளும் ஆக்கிரமிக்காத நடைபாதை. பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் ஊர்த் தெருக்களில் கல் லாரிகளுக்குத் தடை. கடைசியாக, நடந்து சென்ற ஒருவர் மாண்ட ஒவ்வோரிடத்தையும் ஒரு மாதத்துக்குள் நேரில் பார்த்து, தெருவின் குறை இன்னது என்று பெயரிட்டுக் கையெழுத்திடும் ஓர் உத்தியோகஸ்தர். இவற்றில் கையெழுத்திடுவதே கடினம் என்பதை நாம் அறிவோம்.

சாஸ்திரிக்குச் சிலைகள் உண்டு. தெருக்களுக்கு அவர் பெயரும் உண்டு. அவர் பெயர் தாங்கிய தெருவில் ஒரு குழந்தை பயமின்றி நடக்க முடியாவிட்டால், அந்தப் பெயர்ப்பலகையால் யாருக்குப் பெருமை? மருதையாற்றுப் பாலத்தின்மேல் இன்றும் ரயில்கள் போகின்றன. அவற்றில் பிரயாணம் செய்கிறவர்கள் பத்திரமாகக் கரை சேர்கிறார்கள். 1956-ல் ஒருவர் அந்தக் கரைக்குப் பொறுப்பேற்றார். அரியலூர், பெரம்பலூர்த் தெருக்களுக்கும் அவ்வாறு பொறுப்பேற்க ஒருவர் முன்வரும் நாளை ஜனங்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்.